அண்டைக் கடலோரத்துத் தீபகற்பம்: ஊரிகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழுப் பயணம்

மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் நிலமும் அமைந்த பகுதியைத் தீபகற்பம் என்கிறோம். விடுமுறைப் பயணிகள் உலகெங்கும் தீபகற்பங்களை விரும்பித் தேர்வதற்குக் காரணம் எளியது. தீவில் இருப்பதைப் போன்றே அங்கும் கடற்கரை நெடுகக் கிடைக்கும்; ஆனால் தரைவழியும் உண்டு. ஒரே ஊரில் தங்கிக்கொண்டு, நாளுக்கொரு திசையாகச் சென்று, மாலையில் தங்குமிடம் திரும்பலாம். முதியோரும் சிறுவரும் கலந்த குழுவுக்கு இந்த அமைப்பு மிகவும் ஏற்றது. கிரேக்க நாட்டின் வடக்கே, மூன்று விரல்களை நீட்டியதைப் போலக் கடலுக்குள் இறங்கும் கால்கிடிகி தீபகற்பத்துக்குக் கோடைதோறும் ஐரோப்பியக் குடும்பங்கள் திரண்டு செல்வதும் இந்த வசதியை நாடித்தான்.

கோலார் தங்கவயலின் ஊரிகத்திலிருந்தோ, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பகுதிகளிலிருந்தோ புறப்படும் ஒரு குடும்பத்துக்குக் கிரேக்கம் எட்டாத தொலைவு. ஷெங்கன் நுழைவிசைவு, நீண்ட விமானப் பயணம், யூரோ நாணயத்தில் செலவு ஆகியவை பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும். ஆனால் அதே அமைப்புள்ள ஒரு தீபகற்பம், நமது மொழியையே பேசும் மக்களோடு, நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. இலங்கையின் வடமுனையில் உள்ள யாழ்ப்பாணம்தான் அது. அங்கே குழுவாகச் சென்று வருவது எப்படி, அதற்கான பணத்தைப் பாதுகாப்பாகச் சேர்ப்பது எப்படி என்பதை வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் இயல்பு

யாழ்ப்பாணத் தீபகற்பம் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆனையிறவு என்னும் ஒடுங்கிய நிலப்பகுதி அதனை இலங்கையின் பெருநிலத்தோடு இணைக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி ஆகியவை அதன் பெரும் பிரிவுகள். மேற்கே வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, நெடுந்தீவு முதலான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் சில, கடல்மேல் அமைத்த சாலைகளால் தீபகற்பத்தோடு இணைந்தவை.

தங்கவயல் மக்களுக்குப் பாறையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குக் கடும்பாறையைத் துளைத்துச் சென்றது. யாழ்ப்பாணத்தின் பாறையோ இதற்கு நேர்மாறானது. அது நீரை உறிஞ்சும் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அந்தக் கல்லின் துளைகள் வழியே இறங்கி, கீழே ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை; மக்கள் கிணற்று நீரையே நம்பி வாழ்கிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறி வந்துவிடும். பேத்தமங்கலம் ஏரியின் நீரை எண்ணி எண்ணிச் செலவிட்டுப் பழகிய நமது பகுதி மக்கள், அங்குள்ள விடுதிகளிலும் நீரை அதே சிக்கனத்தோடு பயன்படுத்துவது, விருந்தினராகச் செல்வோர் காட்டும் முதல் மரியாதையாகும்.

இந்தச் சுண்ணாம்பு நிலமே யாழ்ப்பாணத்தின் அழகுக்கும் காரணம். கீரிமலையில் கடலலை மோதும் இடத்துக்கு அருகிலேயே நன்னீர் ஊற்று கேணியாகத் தேங்கி நிற்கிறது; ஆடவரும் பெண்டிரும் நீராடத் தனித்தனி இடங்கள் உண்டு. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நீர் நன்னீர்; ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பு ஏறுகிறது. எங்கு நோக்கினும் பனை. பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், பனங்கிழங்கு ஆகியவை இன்றும் அங்கே அன்றாட உணவில் இடம்பெறுகின்றன.

செல்லும் வழி

நமது முன்னோர் காலத்தில் இலங்கைக்குச் செல்வது இன்றைவிட எளிதாக இருந்தது என்றால் வியப்பாக இருக்கலாம். 1914ஆம் ஆண்டு முதல், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், மீண்டும் ரயிலுமாக ஒரே தொடர் பயணம் இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. பின்னர் வந்த உள்நாட்டுப் போர், 2009இல் அது முடியும் வரை, யாழ்ப்பாணத்தைப் பயணிகளுக்கு எட்டாததாக்கியது.

இன்று இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது வான்வழி. பலாலியில் உள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஊரிகத்தில் ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் மாறினால், பெங்களூரு–சென்னை முதன்மைப் பாதையை அடையலாம். சென்னையிலிருந்து விமானப் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திருச்சிராப்பள்ளியிலிருந்தும் 2025ஆம் ஆண்டில் நேரடி விமானம் தொடங்கப்பட்டது.

இரண்டாவது கடல்வழி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் இயங்கியது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வேளாங்கண்ணிக்குச் சென்று பழகிய குடும்பங்கள் தங்கவயலில் பல உண்டு. அவர்களுக்கு நாகப்பட்டினம் வரையிலான வழி புதிதன்று. ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நிறுத்தப்படும். பிற காலங்களிலும் கடலின் நிலையைப் பொறுத்தே இயங்கும். எனவே கப்பலில் செல்லும் குழு, திரும்பும் நாளுக்குப் பின் ஒன்றிரண்டு நாள்களை ஒதுக்கிவைத்தே திட்டமிட வேண்டும். திரும்பிய மறுநாளே பெங்களூருவில் வேலைக்குச் செல்ல வேண்டிய இளைஞர்களுக்கு விமானமே உகந்தது.

எந்தப் பருவம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம்; தீவுகளுக்குப் படகில் செல்வது அப்போது கடினம். ஜனவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை கடல் அமைதியாக இருக்கும், வெயிலும் பொறுக்கத்தக்கது. நீர்நிலைகளில் பூநாரைகளைக் காணும் வாய்ப்பும் இக்காலத்தில் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழா ஜூலை இறுதி முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் அமைகிறது. அதனைக் காண விரும்புவோர் விடுதிகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். உலகெங்குமுள்ள யாழ்ப்பாணத்தார் ஊர் திரும்பும் காலம் அது, வாடகையும் உயர்ந்திருக்கும்.

நான்கு நாள் திட்டம்

யாழ்ப்பாண நகரையே தங்குமிடமாகக் கொண்டு நான்கு நாள்களைப் பின்வருமாறு பகிர்ந்துகொள்ளலாம்.

முதல் நாள் நகரம். நல்லூர்க் கோயில் 1734ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதற்கு முந்தைய கோயிலைப் போர்ச்சுகீசியர் இடித்துவிட்டனர். ஆடவர் மேலாடையின்றியே உள்ளே செல்ல வேண்டும். ஆறுமுக நாவலர் பிறந்ததும் நல்லூரில்தான். அவரும், கலித்தொகையை 1887இல் அச்சிட்ட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றியதால்தான் பல தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. மாலையில் பொது நூலகத்தைக் காணலாம். 1981ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கிய வன்முறையில் இந்நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் கட்டப்பட்டு 2003இல் திறக்கப்பட்ட வெண்ணிறக் கட்டடம் இன்று வாசகர்களால் நிறைந்திருக்கிறது. அது படிக்கும் இடமாதலால், குழுவாகச் செல்வோர் பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, அமைதி காத்தல் வேண்டும்.

இரண்டாம் நாள் வடகரை. மாவிட்டபுரம், கீரிமலை நகுலேசுவரம், காங்கேசன்துறை வழியாகக் கிழக்கே சென்றால் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி, பின்னர் பருத்தித்துறை. அங்கே மொறுமொறுப்பான தட்டை வடைக்குப் பெயர். வல்லிபுர ஆழ்வார் கோயிலும் அதனையடுத்த மணற்குன்றுகளும் மாலை வேளைக்கு ஏற்றவை.

மூன்றாம் நாள் தீவுகள். வேலணை, புங்குடுதீவு வழியே சாலையில் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கிருந்து சிறுபடகில் நயினாதீவு செல்லலாம். நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர்கள் போற்றும் நாகதீப விகாரையும் அத்தீவில் அருகருகே உள்ளன. உயிர்காப்பு மேலங்கி தரப்படாத படகில் எவரும் ஏறலாகாது. காட்டுக் குதிரைகளும் பவளக்கல் மதில்களும் உடைய நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். உடல்வலிமை உடையோர் மட்டும் செல்வது நலம்.

நான்காம் நாள் ஓய்வு. 1618இல் போர்ச்சுகீசியர் தொடங்கி, 1658க்குப் பின் டச்சுக்காரர் விரிவாக்கிய கோட்டையைக் காலையில் சுற்றிவரலாம். பிற்பகலில் காரைநகரின் கசூரினா கடற்கரை. அங்கே கடல் நெடுந்தொலைவு ஆழமின்றி இருப்பதால் சிறுவர்களுக்கு ஏற்றது.

மொழி ஒன்றாயினும் வழக்கு வேறு. பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். புறப்படுவதை வெளிக்கிடுவது என்பார்கள். ஆம் என்பதற்கு ஓம் என்பார்கள். அழகு என்பதற்கு வடிவு. தமிழ்நாட்டுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாகத் தமக்கென ஒரு தமிழைப் பேசிவரும் தங்கவயல் மக்களுக்கு, இந்த வேறுபாடு நகைப்புக்கு உரியதாக அன்றி உறவுக்கு உரியதாகவே தோன்றும்.

போரின் சுவடு இன்னும் அங்கே முற்றிலும் மறையவில்லை. பல வீடுகளில் திரும்பி வராதவர்களின் படங்கள் உண்டு. பழகிய சில நிமிடங்களிலேயே போரைப் பற்றிக் கேட்பதைத் தவிர்க்க வேண்டும். அவர்களாகவே சொன்னால் செவிமடுக்கலாம். படைமுகாம்களைப் படமெடுத்தல் கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் சாலையை விட்டு இறங்குதல் கூடாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது ஓர் ஊரே வாழ்வாதாரம் இழந்ததை நேரில் கண்டவர்களுக்கு, இழப்பைச் சுமந்தவர்களோடு எப்படிப் பழகுவது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பணத்தைச் சேர்க்கும் முறை

குழுப் பயணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் வழியில் அன்று, புறப்படும் முன்பேதான். ஒருவர் மாதந்தோறும் பணம் திரட்டித் தமது கணக்கில் வைத்திருக்கிறார். நடுவில் அவருக்கு நோய் வருகிறது, அல்லது அவர் இறந்துவிடுகிறார். சட்டப்படி அக்கணக்கிலுள்ள பணம் அவருடைய நியமனதாரர் கைக்கே செல்லும். இருபது பேர் நம்பிக் கொடுத்த தொகையைத் திரும்பப் பெற ஒரு துண்டுத் தாள்கூட இராது. ஓய்வூதியமும் கூலியும் கொண்டு சேர்த்த பணம் இப்படிக் கைநழுவுவதைத் தடுக்க, எளிய வழி ஒன்று உண்டு.

ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் பெயரிலேயே தொடர்வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதுதான் அவ்வழி. எடுத்துக்காட்டாக, இருபது பேர் மாதம் 2,000 ரூபாய் வீதம் 18 மாதங்கள் செலுத்துவதாகக் கொள்வோம். ஒருவருக்கு அசல் 36,000 ரூபாய் சேரும், குழுவுக்கு மொத்தம் 7,20,000 ரூபாய், வட்டி தனி. பத்தாவது மாதத்தோடு ஒருவர் விலகிக்கொண்டால், அவர் செலுத்திய 20,000 ரூபாய் அவர் பெயரிலேயே இருக்கிறது. முன்கூட்டி முடிப்பதால் வட்டி சற்றுக் குறையும். ஆனால் எவரிடமும் எவரும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. நியமனதாரர் பெயரைப் பதிவு செய்துவிட்டால், எதிர்பாராதது நேர்ந்தாலும் பணம் குடும்பத்துக்குச் சேரும். வங்கி வைப்புத்தொகைகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. பதிவு பெறாத சீட்டுகளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

பயண முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா? கப்பலோ விமானமோ ரத்தானால் கூடுதல் நாள்களின் செலவு யாருடையது? ஒருவர் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? முன்பணம் எவ்வளவு, மீதித் தொகை எப்போது? இவற்றுக்கு விடை தராமல் முழுத்தொகையையும் ரொக்கமாகக் கேட்பவரிடம் பணம் செலுத்தலாகாது.

அந்நியச் செலாவணியும் வரியும்

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்கும் நிறுவனம், வருமான வரிச் சட்டப்படி கட்டணத்தின் குறிப்பிட்ட விழுக்காட்டை மூலத்திலேயே வரியாக வசூலிக்கும். இந்த விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாற்றப்பட்டு வருவதால், பணம் செலுத்தும் நாளில் நடைமுறையில் உள்ளதைக் கிளையில் கேட்டறிவது நன்று. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. இருபது பேரின் தொகையையும் ஒருவரே தமது பான் எண்ணில் செலுத்தினால், வசூலிக்கப்படும் வரி முழுவதும் அவர் பெயரிலேயே பதிவாகும். அத்தனை பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அவரையே சேரும். ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து, தத்தம் பான் எண்ணில் செலுத்துவதே முறை. வருமான வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாதவர்கள், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்து இத்தொகையைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாவிட்டால் அது கைக்கு வராது.

இந்தியாவிலிருந்து செல்பவர் இந்திய ரூபாயை 25,000 வரை உடன் கொண்டு செல்லலாம். அந்நிய நாணயத் தாள்களாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை வாங்கலாம். அதற்கு மேற்பட்ட தொகையைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். இலங்கை ரூபாயை அங்குள்ள வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றகத்திலோ மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தெருவில் கூடுதல் விலை சொல்பவரிடம் மாற்றுவது சட்டப் புறம்பானது. கள்ளத் தாள் கிடைக்கும் இடரும் உண்டு. திரும்பி வந்தபின் எஞ்சிய அந்நிய நாணயத்தில் 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைத்தல் வேண்டும்.

நமது யு.பி.ஐ. முறை 2024 பிப்ரவரியில் இலங்கையில் அறிமுகமானது. எனினும் சிற்றூர்க் கடைகளிலும் படகுத் துறைகளிலும் அது கிடைக்கும் என நம்பிச் செல்லலாகாது; கையில் ரொக்கம் வேண்டும். வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாகத் திறந்திருப்பதில்லை. புறப்படும் முன் அதனைத் திறந்து, நாள் வரம்பைக் குறைத்து வைத்து, திரும்பியதும் மூடிவிடுங்கள்.

முதியோரின் நலம்

சுரங்கத்தில் உழைத்த பெரியவர்கள் சிலருக்குப் பாறைத்தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைவு. சீராக மூச்சுவிடுவோருக்கு அது தெரிவதில்லை, இந்நோயாளிகளுக்குத் தெரியும். எனவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, பறக்கலாம் என்ற சான்றைப் பெறுங்கள். பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இந்நோயை மறைக்காமல் எழுதுங்கள். சந்தா சில நூறு ரூபாய் கூடும் என்று மறைத்தால், அயல்நாட்டு மருத்துவமனையில் இழப்பீடு மறுக்கப்பட்டு, மொத்தக் குழுவின் கைப்பணமும் அங்கேயே தீர்ந்துவிடும். மருந்துகளை அசல் உறையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் தளத்தில் மட்டுமே பெறுங்கள். அதைப் போன்ற பெயரில் கூடுதல் கட்டணம் பறிக்கும் தளங்கள் பல உண்டு. பழைய வேலைச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் மாறுபட்டிருப்பது நமது பகுதியில் அரிதன்று. அதனைத் திருத்தக் காலம் பிடிக்கும். ஆதலால் தொடர்வைப்பு தொடங்கும் மாதத்திலேயே கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பித்துவிடுதல் நலம்.

இவை யாவும் நிறைவேறினால், பதினெட்டாம் மாத முடிவில் உங்கள் குழுவின் கையில் கடன் இல்லாத பயணம் ஒன்று இருக்கும். முதல் தவணைக்குத் தேவையானவை அடையாளச் சான்று, பான் அட்டை, நியமனதாரரின் பெயர் ஆகியவை மட்டுமே. குழுவினர் யாவரும் ஒரே நாளில் கிளைக்கு வந்தால், கணக்குகள் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முதிர்வடையும். புறப்படும் நாளையும் அன்றே குறித்துவிடலாம்.